அமுக்கினால் நின்றுவிடும் மெஷின்

சுணக்கன்புலத்துக்காரர்கள் எந்தக் காரியத்தையும் கூடிப் பேசாமல் செய்ய மாட்டார்கள். பேசி முடிப்பதற்குள் பாதிக் காரியங்களுக்கு அவசியமே இல்லாமல் போய்விடும். மீதிப் பாதியைச் செய்வார்கள். அப்படிச் செய்த ஒன்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அந்த ஊரில் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து மரம் அறுக்கும் மெஷின் ஒன்று வாங்கினார்கள். பெட்ரோலில் ஓடுவது, சங்கிலி சுற்றி அறுப்பது. கூட்டுச் சொத்து என்பதால் அதில் ஆளுக்கு ஒரு பாகம் பிரித்துக்கொண்டார்கள். முன்பிடி சிங்காரத்துக்கு. ஸ்டார்ட் செய்கிற கயிறு அய்யாரப்பனுக்கு. பின்பிடியும் அதிலிருக்கும் ஆக்சிலேட்டரும் தியாகேசனுக்கு. நாலு பேரில் மூத்தவரான வேதரத்தினம் அண்ணனுக்கு பிரேக்.

பிரேக் என்பது முன்பிடிக்கு முன்னால் நட்டுக்கொண்டு நிற்கும் ஒரு தகடு. அதைத் தள்ளினால் சங்கிலி அப்படியே பிடித்துக்கொள்ளும். விற்ற கடைக்காரர் அதைக் காட்டி, “சங்கிலி மேல பட்டுட்டா அப்புறம் பிரேக்கைத் தள்ளிப் பிரயோஜனமில்லே, அண்ணே” என்று சொல்லியிருந்தார்.

வேதரத்தினம் அந்தப் பேச்சை ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்து நன்றாக யோசித்தார். பட்ட பிறகு தள்ளிப் பிரயோஜனமில்லை என்றால், படுவதற்கு முன்னால் தள்ள வேண்டும். வேகம் எடுத்தால்தான் படும். ஆகவே வேகம் எடுத்ததுமே தள்ளிவிட வேண்டும்.

அன்று முதல் அப்படித்தான். தியாகேசன் ஆக்சிலேட்டரை அமுக்குவான். மெஷின் குரலை உயர்த்தும். அண்ணன் தகட்டைத் தள்ளுவார். மெஷின் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுபோகும். நின்றதும் அவர் தகட்டைப் பதனமாக இழுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடுவார். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. தான் செய்கிற வேலையைப் பற்றித் தம்பட்டம் அடிக்கிற மனுஷர் இல்லை அவர்.

மெஷின் வாங்கியதிலிருந்து ஒருவர் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஒரு மரத்தின் மேலும் விழுந்ததில்லை.

அதுவரை அவசர வேலை எதுவும் வரவில்லை. திருவிழா, பொங்கல் என்று வந்தால் ஸ்டார்ட் செய்து, ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, துடைத்து உள்ளே வைப்பார்கள். அமுக்கினால் நின்றுவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். புது மெஷின், கூச்சம் தெளிய நாளாகும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை விடியற்காலையில் அடித்த காற்றில், ஊருக்கு வருகிற ஒரே ரோட்டில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று குறுக்கே சாய்ந்தது. இடுப்பு உயரத்துக்கு அடிமரம். அன்றைக்குத்தான் தியாகேசனைப் பார்க்கப் பெண் வீட்டார் வேனில் வருகிறார்கள்.

தியாகேசன் முப்பத்தைந்தைத் தாண்டியவன். நல்ல உழைப்பாளி, சொந்த நிலம், பொய் சொல்லத் தெரியாது. வந்த சம்பந்தங்கள் மட்டும் நிலைக்கவில்லை. முதலில் வந்தவர்கள், “மாப்பிள்ளை என்ன பண்றாப்ல?” என்று கேட்டார்கள். “உங்க எதுத்தாப்ல உக்காந்திருக்கேன்” என்று பணிவாகச் சொன்னான். அடுத்து வந்தவர்கள், “கூச்சப்படாமப் பேசுங்க தம்பி” என்றார்கள். கூச்சப்படாமல் விளக்கு வைக்கிற வரைக்கும் பேசினான். காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

இந்தத் தடவை வருகிறவர் குஞ்சிதபாதம் என்கிற நெல் வியாபாரி. பெண் பெயர் செங்கமலம். போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தியாகேசன் நம்பிவிட்டான். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் வந்து மாப்பிள்ளையைப் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த ஊரில் இன்னொரு பையன் இருக்கிறான், வேன் அங்கே திரும்பிவிடும் என்று தரகர் கறாராகச் சொல்லியிருந்தார்.

விடிந்ததும் நாலு பேரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார்கள். அய்யாரப்பன் கயிற்றை இழுத்தான். மெஷின் சமர்த்தாக ஓடியது. தியாகேசன் அமுக்கினான். நின்றது.

“மறுபடி” என்றார் வேதரத்தினம், தகட்டை இழுத்து வைத்துக்கொண்டே.

ஓடியது. அமுக்கினான். நின்றது.

“சும்மா விட்டா நாள் முழுக்க ஓடுது. வேலைன்னதும் படுத்துக்குது. என் மச்சினன் ஒருத்தன் இப்படித்தான்” என்றான் சிங்காரம்.

அப்போது பள்ளிக்கூடத்து டீச்சர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மரத்தின் மேல் கையை ஊன்றி ஏறி, அந்தப் பக்கம் இறங்கினார். இறங்கினவர் திரும்பிப் பார்த்து, “ஏன் வேதரத்தினம், ஊர்ல கோடாலியா இல்லே?” என்று கேட்டார்.

“இருக்கு டீச்சர். மெஷின் கண்ணெதிர்ல எப்படிங்க கோடாலியை எடுக்கிறது? அதுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல.”

டீச்சர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

தியாகேசன் டவுனிலிருக்கும் மெக்கானிக் ஜமால் பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நாலு பேரும் தலையைக் குனிந்து போனைச் சுற்றி நின்றார்கள்.

“அமுக்குனா நிக்குதா? பிரேக்கு சரியா இருக்கா?” என்றார் பாய்.

வேதரத்தினம் முகம் மலர்ந்தது. “பிரேக்கு அருமையா இருக்கு பாய். தள்ளுனா அந்த நிமிசமே நிக்குது.”

“அப்ப அதுல ஒண்ணும் இல்லே. ஏர் ஃபில்டரைக் கழட்டித் தட்டி ஊதி மாட்டுங்க. தூசி இருந்தா மெஷினுக்கு மூச்சு முட்டும்.”

கழற்றினார்கள். அய்யாரப்பன் தட்டினான், சிங்காரம் ஊதினான். எதிரில் நின்ற வேதரத்தினத்தின் கண்ணில் தூசி போனது. கண்ணைக் கசக்கிக்கொண்டே அவர் ஒரு சந்தேகம் கேட்டார்.

“இந்தத் தூசி எங்கேருந்துடா வந்துச்சு?”

“காத்துலேருந்துண்ணே” என்றான் சிங்காரம்.

“காத்துக்கு எங்கேருந்து வந்துச்சு?”

“ரோட்டுலேருந்து.”

“ரோட்டை விட்டுட்டு இதைத் துடைச்சா, திரும்ப வராதா?”

நியாயமாகப் பட்டது. நாலு பேரும் குடம் எடுத்துவந்து, பக்கத்து வாய்க்காலில் மொண்டு, மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் ரோட்டை நனைத்தார்கள். அந்தப் பக்கம் நனைக்கக் குடத்தோடு மரத்தில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஏறி இறங்கினார்கள். ரோடு சேறானது. காற்றில் பொட்டுத் தூசியில்லை. ஃபில்டரை மாட்டி ஸ்டார்ட் செய்தார்கள். தியாகேசன் அமுக்கினான். நின்றது.

மறுபடி போன்.

“ஸ்டார்ட் பண்ணதும் அமுக்குறீங்களா? எஞ்சின் சூடாவட்டும் தம்பி. கொஞ்ச நேரம் சும்மா ஓட விடுங்க, அவசரப்படுத்தாதீங்க” என்றார் பாய்.

ஓட விட்டார்கள். மெஷினைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். தியாகேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“டேய், அதைப் பாக்காதே. நீ மணி பாத்தா அது அவசரப்படுத்துற மாதிரிதானே?” என்று அதட்டினார் வேதரத்தினம்.

தியாகேசன் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அய்யாரப்பன் வேறெங்கோ பார்ப்பதுபோல் வானத்தில் சூரியனைப் பார்த்தான். மெஷின் தன்பாட்டுக்கு ஓடியது. நான் தொடாத வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது என்று தியாகேசன் நினைத்துக்கொண்டான். மெஷினும் அப்படி, சம்பந்தமும் அப்படி.

வெகுநேரம் ஓடிய பிறகு மெஷின் தானாகவே நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

“அவசரப்படுத்தாமலே நின்னுடுச்சே” என்றான் சிங்காரம், தீராத ஆச்சரியத்தோடு.

இந்தத் தடவை போனில் பாயின் குரல் கொஞ்சம் உரத்திருந்தது. “டாங்கில கிடக்கிறது எந்தக் காலத்துப் பெட்ரோலோ? பழசைக் கொட்டிட்டு, புதுசா ஆயில் கலந்து ஊத்திப் பாருங்க. இங்கே கடையில ஆள் நிக்குது, வைங்க.”

“பழசைக் கொட்டணுமாம்” என்றார் வேதரத்தினம். டாங்க்கைத் திறந்து பார்த்தார்கள். காய்ந்து கிடந்தது.

“கொட்டறதுக்கு ஒண்ணும் இல்லையேண்ணே” என்றான் அய்யாரப்பன்.

“அதுக்காக அவர் சொன்னதைச் செய்யாம விட முடியுமா? ஒண்ணைச் செஞ்சி ஒண்ணை விட்டா, அப்புறம் பாய் மேல குத்தம் சொல்ல நமக்கு என்னடா யோக்கியதை?”

அய்யாரப்பன் வீட்டுக் கொல்லையில் ஓடாத மொபெட் ஒன்று நின்றது. அதிலிருந்து பழைய பெட்ரோலை ஒரு சொம்பில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். டாங்க்கில் ஊற்றினார்கள். பிறகு கவிழ்த்துக் கொட்டினார்கள். திருப்தியாக இருந்தது.

புது பெட்ரோலுக்குச் சிங்காரம் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். பெட்ரோல் பங்க் மரத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. மரம் குறுக்கே கிடந்ததால் பைக் போக வழியில்லை. மற்ற மூன்று பேரும் பைக்கைத் தூக்கினார்கள்.

“நீ எறங்குடா, கனக்குது” என்றான் தியாகேசன்.

“நான் எறங்கிட்டா பேலன்ஸ் யார் பாக்குறது மாப்ளே?”

அதுவும் சரிதான். சிங்காரத்தோடு சேர்த்தே தூக்கி, மரத்துக்கு மேலாக அந்தப் பக்கம் இறக்கினார்கள். அவன் பங்க்குக்குப் போய், ஆயில் கலந்த பெட்ரோலைக் கேனில் வாங்கிக்கொண்டு, மரத்தடிக்கு வந்து ஹாரன் அடித்தான். மறுபடி மூன்று பேரும் ஏறி அந்தப் பக்கம் போய், அவனையும் பைக்கையும் கேனையும் தூக்கி இந்தப் பக்கம் கொண்டு வந்து சேர்த்தார்கள்.

ஊற்றினார்கள். ஸ்டார்ட் செய்தார்கள். எஞ்சின் கணீரென்று ஓடியது. தியாகேசன் மனதுக்குள் செங்கமலத்தின் சிரிப்பை நினைத்துக்கொண்டு அமுக்கினான். நின்றது.

இதற்கு மேல் பாயிடம் கேட்க எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. அய்யாரப்பன் மெதுவாகத் தொண்டையைச் செருமினான்.

“தப்பா எடுத்துக்காதே மச்சான். நான் இழுத்தா ஸ்டார்ட் ஆவுது. சிங்காரம் பிடிச்சா ஆடாம நிக்குது. அண்ணன் பிரேக்கு அருமையா இருக்குன்னு பாய்கிட்டயே சொல்லியாச்சு. நீ அமுக்குனாத்தான் நிக்குது.”

தியாகேசன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எனக்கே அது தெரியுதுடா. என் கைராசி அப்படி” என்றான்.

“கை மாத்திப் பாத்துடுவோம்” என்றார் வேதரத்தினம்.

அய்யாரப்பன் அமுக்கினான். அண்ணன் தள்ளினார். நின்றது. சிங்காரம் அமுக்கினான். அண்ணன் தள்ளினார். நின்றது. கடைசியில் அண்ணனே அமுக்குவதாக முடிவாயிற்று. அவர் தகட்டைத் தியாகேசனிடம் ஒப்படைத்தார்.

“பாரு, நான் அமுக்குன உடனே இதைத் தள்ளிடணும். பராக்குப் பாத்துக்கிட்டு நிக்காதே. உசிரு சமாச்சாரம்.”

“சரிண்ணே.”

அண்ணன் அமுக்கினார். தியாகேசன் கண் கொட்டாமல் தள்ளினான். நின்றது.

“ஆக, என் கை மட்டும் இல்லே” என்றான் தியாகேசன். கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

அய்யாரப்பன் தலையை ஆட்டினான். “அப்படி இல்லே மச்சான். நீ புடிச்ச இடத்தைத்தானே நாங்களும் புடிச்சோம். எங்களுக்கும் ஒட்டிக்கிச்சு.”

மூன்று பேரும் வாய்க்காலுக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். தியாகேசன் கழுவவில்லை. அவனுக்குக் கழுவிப் பிரயோஜனமில்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மரத்துக்கு அந்தப் பக்கம் வேன் ஒன்று சேற்றில் சர்ரென்று வழுக்கி வந்து நின்றது. பட்டு வேட்டி கட்டிய கனத்த மனிதர் ஒருவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் அவர் சம்சாரம், தங்கை, பழத்தட்டுகள்.

“வந்துட்டாங்கடா!” வேதரத்தினம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “மூத்தவன் நான் போய் வாங்கன்னு கூப்பிடாட்டி மரியாதையா இருக்காது. இங்கே வேலை நடக்கட்டும்.” மரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்து, கைகூப்பிக்கொண்டு நின்றார்.

தியாகேசன் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான். பதினொன்றரை. “இழுடா” என்றான்.

அய்யாரப்பன் இழுத்தான். சிங்காரம் முன்பிடியைப் பிடித்தான். தியாகேசன் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான்.

மெஷின் ஊரே அதிரும்படி அலறியது. நிற்கவில்லை.

“மாப்ளே! நிக்க மாட்டேங்குதுடா!” என்று சிங்காரம் கத்தினான்.

“என்னமோ ஆயிடுச்சி! பாய்க்குப் போன் போடவா?” என்று அய்யாரப்பன் கயிற்றுப் பக்கமாக ஓடினான்.

“யாருடா பிரேக்குல? பிரேக்குல யாருமே இல்லையேடா!” என்று அந்தப் பக்கத்திலிருந்து வேதரத்தினம் பதறினார்.

தியாகேசன் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. அவன் கை அமுக்கி, முதல் தடவையாக ஒன்று ஓடுகிறது. சங்கிலியை மரத்தில் வைத்தான். மரத்தூள் மழை மாதிரி பறந்து சிங்காரத்தின் மீசையை வெளுப்பாக்கியது. மேலே பாதி, கீழே பாதி என்று ரோட்டைத் தொடுகிற வரைக்கும் இறக்கி, மெஷினை அணைத்துவிட்டுத்தான் கையை எடுத்தான்.

வேதரத்தினம் தட்டுத் தடுமாறி ஏறி வந்து, நின்றுபோன மெஷினின் தகட்டைத் தள்ளிவிட்டு மூச்சு வாங்கினார். “நல்ல வேளை, நான் வந்தேன்” என்றார்.

“எப்படிண்ணே ஓடுச்சு?” என்று கேட்டான் சிங்காரம்.

“விருந்தாளி வந்தா சும்மா இருக்குமா? அதுவும் நம்ம வீட்டுப் புள்ளைதானே?”

தியாகேசனுக்குக் கண் கலங்கியது. தன் கையைப் பார்த்துக்கொண்டான். நல்ல கையாகத்தான் தெரிந்தது.

இப்போது மரம் ரோட்டில் இரண்டு துண்டாகக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே, சங்கிலி போன வழியில், ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது.

“ரோடு திறந்தாச்சு!” என்று அறிவித்தார் வேதரத்தினம். வேன் டிரைவரைப் பார்த்துக் கையை அசைத்தார். “வாங்க வாங்க... கொஞ்சம் இடது... அப்படியே நேரா...”

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்ற வைத்தார்.

குஞ்சிதபாதம் அந்த இடைவெளியை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார். நெல் மூட்டைகளைப் பார்த்து எடை சொல்கிற கண் அது. இப்போது கேட்கப்போகிறார், போகப்போகிறார் என்று நினைத்தான் தியாகேசன்.

“வேன் போகாது” என்றார் குஞ்சிதபாதம்.

“ஆமாங்க” என்றான் தியாகேசன். பொய் சொல்ல அவனுக்குத் தெரியாது.

“ஆள் போகலாமான்னா, நான் கொஞ்சம் கனத்த உடம்பு. இன்னும் ஒரு ரெண்டு விரல் கூட அறுத்திருந்தீங்கன்னா ஒருக்களிச்சுப் பாத்திருக்கலாம்.” கடிகாரத்தைப் பார்த்தார். “ராகுகாலம் வந்துடும். பாக்கத்தானே வந்தோம்? இதுவழியாப் பாத்துடுவோம். தம்பி, கொஞ்சம் எதிரே வந்து குனியுங்க.”

தியாகேசன் இந்தப் பக்கம் குனிந்து இடைவெளியில் கண்ணை வைத்தான். குஞ்சிதபாதம் அந்தப் பக்கம் குனிந்து கண்ணை வைத்தார். ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் சம்சாரம் குனிந்து பார்த்தார். பிறகு தங்கை.

“கண்ணு நல்லா இருக்கு. ஆனா பாதி மாப்பிள்ளைதானேண்ணே தெரியுது?” என்றார் தங்கை.

“அதுக்கென்ன? இந்தப் பக்கத்துலேருந்து பாத்தா இந்தப் பாதி. அந்தப் பக்கத்துலேருந்து பாத்தா மறுபாதி தெரிஞ்சிட்டுப் போவுது” என்றார் வேதரத்தினம்.

குஞ்சிதபாதத்துக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. “விவரமான ஊரு” என்று சம்சாரத்திடம் சொன்னார். பழத்தட்டுகளை முதலில் இந்தப் பக்கம் நீட்டினார்கள். பிறகு பெண் வீட்டார் மூன்று பேரும் சிங்காரம் கைகொடுக்க மரத்தில் ஏறி இந்தப் பக்கம் இறங்கினார்கள். தியாகேசன் ஏறி அந்தப் பக்கம் இறங்கினான். மறுபடி எல்லோரும் குனிந்தார்கள். மறுபாதியும் நன்றாகவே இருந்தது.

“பொண்ணைக் குடுக்கிறோம்” என்றார் குஞ்சிதபாதம் இடைவெளி வழியாக. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் வேதரத்தினம் ஒன்றைக் கவனித்தார். “சம்பந்தி இந்தப் பக்கம் இருக்காங்க. மாப்பிள்ளையும் வேனும் அந்தப் பக்கம் இருக்கு. நடுவுல மரம் கிடக்குது. இப்ப என்ன பண்றது?”

பெரிய பேச்சு நடந்தது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கலந்துகொண்டார்கள். இந்தப் பக்கம் சாப்பாடு தயாராக இருக்கிறது, அதனால் சம்பந்திகள் மாப்பிள்ளை வீட்டிலேயே தங்கிவிடுவது. அந்தப் பக்கம் வேன் இருக்கிறது, அதனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவது. மரத்தை எடுக்கிற வரைக்கும் இப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

டிரைவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

செங்கமலம் வாசல் கதவைத் திறந்தாள். வேனிலிருந்து முழங்கால் வரைக்கும் சேறும் தலை நிறைய மரத்தூளுமாக ஒருவன் மட்டும் இறங்கி நின்றான். போட்டோவில் பார்த்த அதே சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

“அப்பா அம்மால்லாம் எங்கே?” என்று கேட்டாள்.

“எங்க வீட்ல தங்கிட்டாங்க. அவங்களுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்” என்றான் தியாகேசன்.

செங்கமலம் கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப சாயந்தரம் மாட்டைப் புடிச்சுக் கட்டுங்க. அப்பாதான் கட்டுவாரு” என்று சொல்லிக் கயிற்றை அவன் கையில் கொடுத்தாள்.